மச்சானின் கண்ணும் என் ஸ்குவாஷ் மட்டையும்

ஸ்குவாஷ் என்றால் எங்கள் பக்கம் பாட்டிலில் வருகிற ஜூஸ். நான்கு சுவருக்குள் ரப்பர் பந்தை அடித்துவிட்டு அதன் பின்னாலேயே ஓடுகிற ஆட்டத்துக்கும் அதே பேர்தான் என்று எனக்குத் தெரிந்தபோது வயது நாற்பத்தொன்று. சுகர் எட்டிப் பார்க்கிறது, ஓடியாடி எதையாவது செய்யுங்கள் என்று டாக்டர் சொல்லி, அதற்காகவே புது ஷூ வாங்கியவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இது புரியும். எனக்கு வீடு சிதம்பரத்தில். வேலை கடலூரில், நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுவது. மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் என் மனைவியின் தம்பி பிரகாஷ்தான், ஆபீஸ் விட்டதும் ஆடலாம் என்று என்னை அங்கேயே ஒரு ஸ்குவாஷ் கிளப்பில் சேர்த்துவிட்டான்.

எழும்பாத பந்து

முதல் நாள் பிரகாஷ் வர லேட்டானது. நான் தனியாக உள்ளே போய்ப் பந்தைத் தரையில் போட்டேன். எழும்பவே இல்லை. இன்னொன்றை எடுத்தேன். அதுவும் களிமண் உருண்டை மாதிரி அங்கேயே கிடந்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டு மேரியக்காவிடம் போனேன். அவர் தேவனாம்பட்டினத்துக்காரர், கிளப்பைத் திறப்பது, கூட்டுவது, பூட்டுவது எல்லாம் அவர்தான். இரண்டும் பஞ்சர், மாற்றிக் கொடுங்கள் என்றேன்.

இந்தப் பந்து அப்படித்தான், சுவரில் ஐம்பது தடவை அடித்தால் சூடேறித் தானாக எழும்பும் என்றார். போய் அடித்தேன். ஐம்பதில் முப்பது தடவை பந்து மட்டையில் படவில்லை. கால் மணி நேரம் கழித்து ஆட்டம் பார்க்கிற மேல்மாடத்தில் இருந்து எட்டிப் பார்த்தவர், சட்டையெல்லாம் நனைந்து நின்ற என்னிடம் சொன்னார்: "பந்து சூடாவணும் சார். நீங்க மட்டும் சூடாயிட்டிருக்கீங்க."

காணாமல்போன கதவு

எங்கள் கோர்ட்டில் சுவரும் வெள்ளை, கதவும் வெள்ளை. கைப்பிடிகூட மரத்துக்குள் புதைந்திருக்கும், அதன்மேலும் வெள்ளை பெயின்ட். ஒருநாள் போன் வந்ததென்று வெளியே போன பிரகாஷ் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டான். எனக்குத் தாகம். திரும்பிப் பார்த்தால் நான்கு பக்கமும் சுவர்.

தடவித் தடவி கதவிடுக்குக் கோடு ஒன்றைக் கண்டுபிடித்துத் தள்ளினேன். தோளைக் கொடுத்தும் தள்ளினேன். கூப்பிட்டால் என் குரலே நாலு தடவை திரும்பி வந்தது. ஊரார் நிலத்துக்கெல்லாம் எல்லைக் கோடு போடுகிறவன் ஒரு கதவைத் தேடித் தவித்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிஷம் கழித்து மேரியக்கா துடைப்பத்தோடு சாதாரணமாக உள்ளே வந்தார். எனக்குப் போன உயிர் வந்தது. "உள்பக்கம் இழுக்கணும் சார், தள்றதுன்னா விடியறவரைக்கும் தள்ளலாம்."

பஸ்ஸில்

அன்றாடம் சிதம்பரம் பஸ்ஸில் மட்டையை மடியில் வைத்துக்கொண்டுதான் வருவேன். பரங்கிப்பேட்டைக்குப் போகிற ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்குமுன் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, ஒரு தடவ சார்ஜ் போட்டா எத்தினி கொசு அடிக்கும்?"

எட்டுக்கு ஆறு

எதிராளி பந்தின் வழியில் நின்றால் அடிக்கக் கூடாது, நிறுத்திவிட்டு மறுபடி ஆட வேண்டும். பிரகாஷ் முதல் நாளே சொல்லிக் கொடுத்ததும், தினமும் ஞாபகப்படுத்தியதும் இதைத்தான். மூன்றாவது மாசம் ஒருநாள், முதல்முறையாக எட்டுக்கு ஆறு என்று நான் முன்னால் இருந்தேன். பிரகாஷ் எனக்கு முன்னால் நின்றான். பார்த்தேன். பார்த்தும் அடித்தேன். அதே நேரம் அவன் திரும்பினான், பந்து முகத்தில் பட்டது. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அடுத்த மாசம் அவனுக்குக் கல்யாணம், பத்திரிகைகூட அடித்தாகிவிட்டது.

ஆட்டோ பிடித்துக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சொட்டு மருந்து விட்டு உள்ளே உட்கார வைத்தார்கள். என் மனைவி மூன்று தடவை போன் செய்தாள், எடுக்கவில்லை. நான்காவது தடவை எடுத்து உள்ளதைச் சொன்னேன். எந்தக் கண் என்று மட்டும் கேட்டாள். இடது என்றேன். பஸ் ஏறுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

முக்கால் மணி நேரம் கழித்து டாக்டரம்மா கூப்பிட்டார். அடி புருவத்து எலும்பில்தான் பட்டிருக்கிறது, அரை விரல் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும், உள்ளே ஒன்றும் ஆகவில்லை, வீக்கம் பத்து நாளில் வடிந்துவிடும் என்றார். அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். நான் அடித்திருக்கக் கூடாது மச்சான், தெரிந்தேதான் அடித்தேன் என்றேன். ஒரு கண்ணில் பஞ்சு வைத்திருந்தவன் மறு கண்ணால் என்னைப் பார்த்துச் சொன்னான்: "தெரியும் மாமா. அந்தப் பாயிண்ட் செல்லாது."

அக்காவின் தீர்ப்பு

அன்று என் மனைவி வந்து தம்பியின் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். என் பக்கம் திரும்பாமல் அவனைக் கூட்டிக்கொண்டு நடந்தாள். இனி மட்டையைத் தொடவே முடியாது என்று நானே முடிவு செய்துகொண்டேன். கல்யாணத்தன்று அவன் புருவத்தில் லேசான மஞ்சள்தான் மிச்சம். அதுவும் சந்தனத்தோடு சந்தனமாகப் போய்விட்டது.

மறுவாரம் விருந்துக்கு வந்த பிரகாஷையும் என்னையும் உட்கார வைத்து, ஆளுக்கொரு பிளாஸ்டிக் பாதுகாப்புக் கண்ணாடியைக் கையில் கொடுத்தாள். "அடிச்சிக்கிறதுன்னா இதப் போட்டுக்கினு அடிச்சிக்குங்க."

இதுவரை நான் ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை, ஆனால் கோர்ட்டுக்குள் போகிற நாலு கண்ணும் பத்திரமாக வெளியே வந்துவிடுகின்றன. என் வயதுக்கு இந்த ஸ்கோர் போதும்.