ஆற்றுக்கு அடித்த நீலம்

தெருவில் எல்லோருக்கும் அவர் 'மலைக்காரர்'. கடல் தாண்டிப் பிழைக்க வந்த நாள் முதல், பகலெல்லாம் அடுத்தவர் வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிப்பார். மாலையானால் சமையலறை மேஜையில் காகிதத்தை விரித்து, விட்டுவந்த மலைகளை நீர்வண்ணத்தில் வரைவார். கரும்பச்சையும் ஊதாவுமாக, நகக்கண் அளவு காகிதம்கூட வெறுமையாக விடமாட்டார். ஒன்றுகூட விலைபோகவில்லை. எல்லாம் கட்டிலுக்கடியில் குவிந்தன.

"இந்த மலையெல்லாம் ஒருநாள் எழுந்திரிச்சா, நாம கூரையில போய் இடிப்போம்" என்று மனைவி சிரிப்பாள். சிரித்துக்கொண்டே தூரிகைகளைக் கழுவி வைப்பாள்.

பிறகு கை நடுங்கத் தொடங்கியது. சுவர் வேலை போயிற்று. தொடங்கிய படங்கள் பாதியில் நின்றன. தையற்கடையில் பொத்தான் தைத்து அவள்தான் அடுப்பெரிய வைத்தாள்.

அப்போதுதான் படங்களுக்குச் சட்டம் போடும் கடைக்காரன் சொன்னான்: "அண்ணே, உங்க ஊர் மலையை இங்க எவன் வாங்குவான்? இந்த ஊர் ஆத்தை வரைங்க. என் கடையில நடக்குற கண்காட்சியில சுவர்லயே மாட்டுறேன்."

கை அடியோடு ஓய்வதற்குள் ஒரே ஒரு படமாவது ஒரு சுவரில்! இடக்கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வரைந்தார். கரை, பாலம், மரநிழல். ஆற்றின் நடுவே வெயில் விழுந்த இடத்தைத் தொடவே இல்லை. அந்த வெற்றுக் காகிதம்தான் வெளிச்சம். வாழ்நாளில் முதல்முறையாக அப்படி விடத் துணிந்திருந்தார். நாளை அவளுக்குக் காட்டலாம் என்று படுத்துவிட்டார்.

கண்காட்சி நாள். விடிந்தபோது அவள் முகமெல்லாம் பூரிப்பாக மேஜையருகே நின்றாள்.

"கை ஓஞ்சுபோய் பாதியில விட்டுட்டீங்கல்ல? நானே முடிச்சுட்டேன். ஒரு சொட்டு கரை தாண்டல, பாருங்க!"

ஆறு முழுக்க ஒரே நீலம். காகிதம் குடித்துவிட்ட நீலம். இனி எந்தத் தண்ணீருக்கும் போகாது.

"எப்படி இருக்கு? வாயைத் திறந்து சொல்லுங்களேன்!"

"என் கையிலகூட இப்படி வந்திருக்காதும்மா."

கடைக்காரன் படத்தைப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினான். "ஆறு எங்கண்ணே? தார் ரோடு மாதிரி கிடக்கே. யாரு கை வெச்சது?"

"நான்தாம்ப்பா. கண்ணு ஏமாத்திருச்சு."

"மன்னிச்சுக்குங்கண்ணே. இதை மாட்ட முடியாது."

படத்தை அங்கேயே ஒரு மூலையில், சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு வீடு திரும்பினார். வாசலிலேயே அவள் காத்திருந்தாள்.

"மாட்டிட்டாங்களா?"

"மாட்டிட்டாங்க."

"நடுவுலயா?"

"நடுவுலதான்."

உள்ளே ஓடியவள், பெட்டிக்குள் பூட்டிவைத்திருந்த பட்டுச் சேலையை உடுத்திக்கொண்டு வந்தாள். "கிளம்புங்க! என் நீலத்தை நாலு பேர் பார்க்கிறதை நான் பார்க்க வேணாமா?"

"கால் வலிக்குதும்மா..."

"மெதுவா போவோம். எனக்கென்ன அவசரம்?"

அவிழ்ந்து கிடந்த ஷூ கயிற்றைக் கட்டுவதுபோல் குனிந்தார். நிமிரவில்லை. கயிறு விரலுக்குள் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது.

"தள்ளுங்க. எல்லாத்துக்கும் நான்தான் வரணும்" என்று அவர் காலடியில் உட்கார்ந்தவள், நடுங்காத அந்தக் கைகளால் முடிச்சை இறுக்கிக் கட்டினாள்.