ஜெசிந்தா அக்காவின் திரும்பிப்போன கடிதங்கள்

ரிங்லெட் டவுனிலிருந்து உரம் ஏற்றி வந்த லோரி டிரைவர்தான் சொன்னார். "அண்ணே, நம்ம ஜெசிந்தா கிராணி காலைல தவறிட்டாங்க லா. ஒங்களுக்குத் தெரியாதா?" தெரியாது. அவர் உடம்பு முடியாமல் கிடந்ததே எனக்குத் தெரியாது. வேலையை விட்டுப் போய் நாலு மாதமாக ஒரு வரி எழுதவில்லையே, அக்காவுக்கு என்ன இவ்வளவு ரோஷம் என்று போன வாரம்தான் ஆபீஸில் குறைபட்டுக்கொண்டேன்.

நம் எஸ்டேட் ஆபீஸில் கணக்கும் கடிதமும் எழுதும் கிராணியாக இருந்த அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவருடைய காலை வழக்கம் நினைவிருக்கும். முதல் வேலையாக ஆபீஸுக்கு வந்த குப்பை மின்மடல்களைத் திறப்பார். பரிசுச் சீட்டு, மாத்திரை விளம்பரம் என்று ஒவ்வொன்றையும் "சீ, போ" என்று திட்டிக்கொண்டே தள்ளுவார். நடுவில் ஒன்றைப் பிடித்துவிடுவார். தலைப்பே இல்லாத மடல். பழைய தொழிலாளி ஒருவரின் பேத்தி எழுதியிருப்பாள், தாத்தா இங்கே வேலை செய்தார் என்று ஐ.சி. அடையாள அட்டை விண்ணப்பத்துக்கு ஒரு கடிதம் வேண்டுமென்று. அவ்வளவுதான், அக்கா தொழிலாளர் பெயரும் வேலை நாளும் எழுதிய பழைய செக்ரோல் பதிவேடுகளைத் தூசி தட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

மெயில் சர்வர் என் பொறுப்பு. குப்பை பெருகியபோது பொதுத் தடைப்பட்டியல் ஒன்றைப் போடலாம் என்றேன். குப்பை அனுப்பும் சர்வர்களின் முகவரிகளை யாரோ தொகுத்துவைக்க, ஊர் உலகமே அதைப் பகிர்ந்துகொள்கிறது. அதில் உள்ள இடத்திலிருந்து வரும் மடலை நம் சர்வர் வாங்காமலேயே வாசலில் திருப்பிவிடும். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "ஒருத்தன் திருடுனான்னா லயத்து வீடுகள்ல உள்ள அத்தன பேரையும் புடிச்சிக் குடுப்பியா தம்பி? பட்டியல் போட்டவன் எங்கயோ இருக்கான். கதவ மூடுறது நீதானே." அவர் வேலையில் இருந்தவரை எதையும் திருப்பவில்லை, குப்பைப் பெட்டியில் ஒதுக்கிவைப்பதோடு சரி.

அவருடைய கடைசி நாளன்று, இனி பெட்டியைப் பார்க்க ஆளில்லை, திருப்பத்தான் போகிறேன் என்றேன். முகம் சுருங்கிவிட்டது. "அப்ப சர்வர் எழுதி வெக்கிற லாக்கையாச்சும் பாரு. யாரத் திருப்புனன்னு அதுல விழுமில்ல?"

"வெள்ளிக்கெழம தவறாம பாக்குறேன்க்கா."

ஒரு வெள்ளிக்கிழமைகூடப் பார்க்கவில்லை. வேலை நெருக்கடி என்று பொய் சொல்ல மாட்டேன். சுத்தச் சோம்பேறித்தனம்.

துக்க வீட்டில் அவர் மகள் ஷீலா என்னை ஓரமாக அழைத்துப்போனாள். "மாமா, அம்மா ஒங்களுக்கு மெயில் போட்டுக்கிட்டே இருந்தாங்க. எல்லாம் திரும்பி வந்துச்சு. போன் போடுங்கம்மான்னு தலபாடா அடிச்சிக்கிட்டேன். 'வேணாம் லா, அவன் வெள்ளிக்கெழம லாக் பாப்பான், பாத்தா அவனே கூப்புடுவான்'னு சொல்லிட்டாங்க."

ஷீலா தன் பூக்கடை மெயிலில் அம்மாவுக்கும் ஒரு முகவரி வைத்திருந்தாள். அந்தக் கடை வாடகைக்கு எடுத்த சர்வரில் இன்னும் எத்தனையோ கடைகள். அதில் எவனோ குப்பை அனுப்பப் போய் எல்லோரும் பட்டியலில் ஏறிவிட்டார்கள். எந்தப் பதிவேடு எந்த அலமாரியில் என்று அக்கா முதல் மடல்களில் விவரமாக எழுதியிருந்தார். கடைசி மடலை ஷீலா போனில் காட்டினாள். "கொஞ்சம் ஒடம்பு முடியல தம்பி. சும்மா ஒரு நாளு வந்துட்டுப் போ. அவசரமில்ல." ஷீலா முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பாவி, பிரிஞ்சாங் சந்தைக்குக் காய்கறி வாங்கப் போக மட்டும் எனக்கு வாராவாரம் நேரம் இருந்தது.

மறுநாள்தான் லாக்கைத் திறந்தேன். அக்காவின் முகவரி வரிசையாக இருந்தது. அவர் மட்டுமா? முன்பின் தெரியாத எத்தனையோ பேர். யார் என்ன கேட்டார்கள் என்று அதில் இல்லை. வாங்காத மடலில் என்ன இருந்ததென்று சர்வருக்கு எப்படித் தெரியும்? விளம்பரக்காரனா, ஐ.சி.க்கு அலைகிறவனா என்று பிரிக்க வழியில்லாமல், மனிதர் பெயர் போலத் தெரிந்த ஒவ்வொரு முகவரிக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். சிலர் பதில் போட்டார்கள். ஒருவர், இனித் தேவையில்லை என்றார். ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

திருப்புவதை நிறுத்திவிட்டேன். காலையில் பெட்டியை நானே பார்க்கிறேன். அக்கா அளவுக்குப் பொறுமை இல்லை, ஆனாலும் பார்க்கிறேன். எந்தப் பட்டியல் என்ன சொன்னாலும் குப்பைப் பெட்டியில் ஒதுக்காமல் நேரே உள்ளே விடு என்று சர்வரில் ஒரே ஒரு முகவரியை எழுதிவைத்திருக்கிறேன். அது ஜெசிந்தா அக்காவுடையது. அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்த ஒரு வரிதான். இனி அதிலிருந்து யார் எழுதப்போகிறார்கள்?