தங்கையின் முன்பற்கள்

பேண்டு ஒத்திகை முடிந்து மண்டபப் படியில் இறங்கிய வெர்னா, கால் இடறி விழுந்து மேல் முன்பற்கள் மூன்றைப் பறிகொடுத்துவிட்டாள் என்று செய்தி வந்தபோது, அவள் அக்கா நோலாவுக்கு முதலில் வந்தது பரிதாபம் இல்லை. நெஞ்சுக்குள் ஏதோ இதமாகக் குளிர்ந்தது. ஃபோனை வைத்த பிறகுதான் அவள் தன்னைத்தானே கடிந்துகொண்டாள். அதுவும் பலமாக இல்லை.

நோலாவுக்கு அப்போது வயது எழுபத்தெட்டு. வெர்னா மூன்று வயது இளையவள். தாஸ்மேனியாவின் ஹுவான் பள்ளத்தாக்கில், ஒரே தெருவின் இரண்டு முனைகளில் அக்காவும் தங்கையும் வாழ்ந்து வந்தார்கள். இருவருக்கும் இடையே நடந்து போகிற தூரம்தான். ஆனால் நோலா அந்தத் தூரத்தைக் கடந்ததெல்லாம் கிறிஸ்துமஸுக்கும் சாவுக்கும்தான்.

காரணம் பழையது. சின்ன எக்காளம் மாதிரி இருக்கும் கார்னெட் என்ற வாத்தியத்தை ஊர் பேண்டில் முதன்மைக் கலைஞருக்கான முதல் நாற்காலியில் உட்கார்ந்து ஊதியவள் ஒருகாலத்தில் நோலாதான். ஆப்பிள் திருவிழாவில் அவள் ஊதினால், ஆப்பிள் பெட்டி தூக்கிக்கொண்டிருப்பவர்கள் அதைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள். இருபத்தொரு வயதில் லெஸ் என்ற தோட்டக்காரனுடன் கல்யாணம் நிச்சயமானது. உடனே அப்பா அவளை ஹோபார்ட் நகரத்துக்கு அழைத்துப் போய், வாயிலிருந்த பற்களையெல்லாம் பிடுங்க வைத்துப் பல்செட் வாங்கிக் கொடுத்தார். சொத்தை இரண்டே இரண்டு. மற்றவையெல்லாம் நல்ல பற்கள். அந்தக் காலத்தில் அங்கே அதுதான் வழக்கம். வரப்போகிற மாப்பிள்ளைக்குப் பல் டாக்டர் தொல்லை இருக்கக் கூடாதென்று பெண்ணைப் பெற்றவர் கொடுக்கும் கல்யாணப் பரிசு அது. நோலா மறுத்துப் பேசவில்லை. மறுக்கலாம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

கார்னெட்டை உதட்டில் வைத்து அழுத்தினால் பின்னால் தாங்குவதற்குப் பல் வேண்டும். பல்செட் வழுக்கியது. ஒரு ஸ்வரம் நிற்கவில்லை. ஆறு மாதம் முட்டி மோதிப் பார்த்துவிட்டு நாற்காலியை விட்டாள். அதில் வெர்னா வந்து உட்கார்ந்தாள்.

அதைக்கூட நோலா பொறுத்துக்கொண்டிருப்பாள். சில வருடம் கழித்து வெர்னாவுக்கும் கல்யாணம் நிச்சயமாகி, அவள் முறை வந்தது. அவள் சமையலறை மேசையில் உட்கார்ந்தபடியே, "எனக்குப் பரிசா ஒரு தையல் மெஷின் போதும்ப்பா. பல்லு என்கிட்டயே இருக்கட்டும்" என்றாள். அப்பா சிரித்தார். அவ்வளவுதான். தையல் மெஷின் வந்தது. அப்பாவின் அந்தச் சிரிப்பு நோலாவின் காதில் அப்படியே தங்கிவிட்டது. வேண்டாமென்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும் காரியம்.

ஆகவே வெர்னா விழுந்த மறுநாள் நோலா பூசணிக்காய் சூப் வைத்து எடுத்துக்கொண்டு போனாள். வெர்னாவின் உதடு தடித்துக் கறுத்திருந்தது.

"பல்செட் ஆரம்பத்துல கஷ்டமாத்தான் இருக்கும். போகப் போகப் பழகிடும்" என்றாள் நோலா வாஞ்சையாக. "என்ன, ஊதுறதுதான் முடியாது. அது போனா போகுது. உனக்கும் வயசாச்சு."

"பல்செட்டா? நான் இம்ப்ளாண்ட் வெச்சுக்கப் போறேன் நோல். தாடை எலும்புல திருகாணி மாதிரி இறக்கிடுவாங்களாம். எலும்பு அதைச் சுத்தி வளர்ந்து கெட்டியாப் பிடிச்சுக்குமாம். அதுமேல பல்லு. ஊதலாம்னு டாக்டரே சொல்லிட்டாங்க."

நோலா சூப் பாத்திரத்தின் மூடியைத் திறக்காமலே வைத்துவிட்டு வந்தாள்.

அடுத்த ஏப்ரலில் அன்சாக் தினம். போரில் இறந்தவர்களுக்காக விடியற்காலையில் நினைவுத் தூணருகே ஊர் கூடியது. வெர்னா தனியாக முன்னே வந்து கார்னெட்டை உதட்டில் வைத்தாள். பிசிறில்லாமல் எழுந்த நாதம் ஆற்றுப் பனிக்குள் நீண்டு போனது. தொப்பியைக் கழற்றி நின்ற ஆண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். லெஸ்ஸும் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"உன் தங்கச்சி இன்னும் என்னமா ஊதுறா பாரேன்" என்றான்.

"உனக்குக் குளிர்ல கண்ணு தண்ணி விடுது. வா, போலாம்" என்றாள் நோலா. அன்று முழுக்க அவனோடு பேசவில்லை. கீழ்ச் செட் நாக்கில் ஏறி ஏறி இறங்கியது. அதைக் கழற்றிக் குப்பையில் போடலாமா என்று வந்தது.

அந்த வாரமே யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறி, வெர்னாவுக்கு வைத்தியம் பார்த்த டாக்டரிடம் போனாள். பிரையோனி என்ற அந்தப் பெண் ஸ்கேன் படத்தைத் திரையில் போட்டுக் காட்டினாள்.

"என் தங்கச்சிக்கு வெச்ச மாதிரியே வேணும்" என்றாள் நோலா.

"பல்லு இல்லாத எலும்புக்கு வேலை இல்ல, நோலா. வருஷா வருஷம் கரைஞ்சுகிட்டே போகும். மேல பாருங்க, காகிதம் மாதிரி ஆயிடுச்சு. வேற எலும்பு வெச்சுக் கட்டலாம்தான். ஆனா நீங்க சாப்பிடுற மருந்துக்கும் இந்த வயசுக்கும் நான் அதைச் சொல்ல மாட்டேன். கீழ முன்பக்கம் கொஞ்சம் மிச்சம் இருக்கு. அங்க ரெண்டு வைக்கலாம். உங்க கீழ்ச் செட்டு அதுமேல பொத்தான் மாதிரி மாட்டிக்கும். அப்புறம் ஆடாது."

"ஊத முடியுமா?"

டாக்டர் திரையை அணைத்தாள். "நல்லா சாப்பிட முடியும்" என்றாள்.

சிகிச்சை நாளன்று கூட ஒருவர் வந்து காரில் அழைத்துப் போக வேண்டுமாம். லெஸ்ஸுக்குப் பார்வை மங்கி லைசென்ஸ் போய்விட்டது. யார் யாரையோ நினைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் வேறு வழியில்லாமல் நோலா தெருவின் அந்த முனைக்கு நடந்தாள். வெர்னா காரணம் கேட்கவில்லை. அதுவும் நோலாவுக்கு எரிச்சலாக இருந்தது.

திரும்பி வரும்போது நோலாவின் தாடை மரத்துப் போயிருந்தது. அதனால்தானோ என்னவோ வாய் தானாகத் திறந்துகொண்டது.

"என் நாற்காலி எப்ப காலியாகும்னுதான பாத்துக்கிட்டு இருந்த நீ?"

வெர்னா ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆமா."

இப்படி ஒரு பதிலை நோலா எதிர்பார்க்கவில்லை.

"நீ ஒத்திகை பாக்கும்போது நான் தலையணையைக் காதுல வெச்சு அழுத்திக்குவேன். அவ்வளவு வயித்தெரிச்சல். என்னால அப்படி ஊதவே முடியாதுன்னு தெரியும். உன் பல்லைப் பிடுங்கப் போறாங்கன்னதும் ராத்திரி எனக்குத் தூக்கமே வரல, சந்தோஷத்துல. அப்புறம் உன் நாற்காலியில உக்காந்தேன். அன்னிக்கு பேண்டு மாஸ்டர் என்ன சொன்னார் தெரியுமா? 'பரவாயில்ல, சமாளிச்சுக்கலாம்.' அதையேதான் நான் இன்னும் பண்ணிக்கிட்டு இருக்கேன்."

"என்னைவிடவா மட்டம் நீ?" என்றாள் நோலா.

"கேக்க நல்லாயிருக்கா?"

"இன்னொரு தடவை சொல்லேன்."

"சொல்ல மாட்டேன். உன் வாயில பஞ்சு வெச்சிருக்கு, பேசாம வா."

நோலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தன்மீதும் ஒருத்தி பொறாமைப்பட்டிருக்கிறாள், அதுவும் தூக்கம் கெடும் அளவுக்கு. மரத்துப் போன வாயோடு அவள் ஒரு பக்கமாகச் சிரித்தாள்.

எலும்பு பிடித்து, கீழ்ச் செட் 'டக்'கென்று மாட்டிக்கொள்ள, அங்கே ஜூனில் தொடங்கும் குளிர்காலம் தாண்டியது. வெர்னா தன் பழைய கார்னெட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். நோலா படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஊதிப் பார்த்தாள். கீழே உறுதியாகத்தான் இருந்தது. ஆனால் மேல் செட் கழன்று நாக்கில் விழுந்தது. வந்த சத்தத்தைக் கேட்டு லெஸ் சமையலறையிலிருந்து, "நோல், கெட்டில் கொதிக்குதா?" என்று கேட்டான். இரண்டு நாள் முயன்றுவிட்டு வாத்தியத்தைத் திருப்பிக் கொடுத்தாள். பழைய காயம் ஆறிவிட்டதென்று சொல்ல முடியாது. இனி அது ஆறப்போவதும் இல்லை.

டிசம்பரில் பேண்டுக்காரர்களின் கிறிஸ்துமஸ் விருந்து. வறுத்த பன்றி இறைச்சியோடு, உப்புத் தடவி மொறுமொறுவென்று பொரிந்த தோலும் தட்டில் வந்தது. ஐம்பத்தேழு வருடமாக நோலா தொடாத பண்டம். வெர்னாவுக்கு முன்பற்களால் கடினமானதைக் கடிக்கக் கூடாதென்று டாக்டர் உத்தரவு. பின்பக்கத்துச் சொந்தப் பல் ஒன்றும் ஆட ஆரம்பித்திருந்தது. அவள் உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டிருந்தாள்.

நோலா பெரிய துண்டாக எடுத்து வாயில் போட்டாள். மேசை முழுக்கக் கேட்கும்படி நொறுங்கியது.

"சத்தம் போடாம தின்ன முடியாதா உன்னால?" என்றாள் வெர்னா.

"முடியாது" என்றாள் நோலா. வெர்னாவின் தட்டில் தொடாமலிருந்த துண்டையும் கையை நீட்டி எடுத்துக்கொண்டாள். தங்கை பார்க்கப் பார்க்க, அவசரமே இல்லாமல் மென்று தின்றாள்.