ஸ்தோத்திரத்தின் அம்மா

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. எங்கள் முதியோர் இல்லத்தில் யாருக்கும் அது ஞாபகமில்லை. குழாயில் தண்ணீர் வந்தாலும் ஸ்தோத்திரம், நின்றாலும் ஸ்தோத்திரம், லிஃப்ட் பழுதாகி மூன்று மாடி ஏறினாலும் ஸ்தோத்திரம் என்று சொல்லிச் சொல்லி அதுவே அவள் பெயராகிவிட்டது. "ஸ்தோத்திரம், ஜன்னலோரக் கட்டில் ஈரம்!" என்று கத்தினால் ஓடி வருவாள். கோபமே வராது. அவளுக்கும் சேர்த்து எனக்கு வரும்.

படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களைத் துடைத்து, துணி மாற்றி, புரட்டிப் படுக்கவைப்பது எங்கள் வேலை. ஒருத்தியால் ஆகாது, ஜோடி வேண்டும். தோள் பக்கம் நான், இடுப்புப் பக்கம் அவள். ஒருவர்மேல் கை வைப்பதற்கு முன் அவள் ஒரு நொடி கண்ணை மூடுவாள். உதடு மட்டும் அசையும். நான் விரிப்பின் நுனியைப் பிடித்தபடி நிற்பேன்.

"ஆச்சா உன் ஜெபம்? பெரியவர் கனக்குறாரு."

"ஆச்சுக்கா, தூக்குங்க."

ஒருநாள் கிண்டல் செய்தபோதுதான் தெரிந்தது, கண்ணை மூடுவதே அவளுக்குத் தெரியவில்லை. மூச்சு விடுவதுபோல் அது பாட்டுக்கு நடக்கிறது.

அவள் பிறவிக் கிறிஸ்தவள் இல்லை. புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு பக்கத்து வீட்டுக்காரியோடு சபைக்குப் போக ஆரம்பித்து, ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டாள். வாங்கிய கொஞ்ச நாளில் தங்கைக்கு நிச்சயமாகியிருந்த கல்யாணம் நின்றுபோனது. மாப்பிள்ளை வீட்டார் இவளைத்தான் காரணம் சொன்னார்கள். நிஜக் காரணம் என்னவோ, யார் கண்டது? பழி இவள் தலையில் விழுந்தது. "எனக்கு ஒரே பொண்ணுதான்" என்று அம்மா நாலு பேர் முன்னால் சொல்லிக் கதவைச் சாத்தினாள். அண்ணனும் அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டான். எல்லாரும் ஒரே ஊர்தான். கடைத்தெருவில் அம்மாவைப் பார்த்தால் இவள் நின்றுவிடுவாள். அம்மா, விளக்குக் கம்பத்தைச் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி இவளைச் சுற்றிக்கொண்டு போய்விடுவாள்.

பிறகு தங்கைக்கு வேறு இடத்தில் நல்லபடியாகக் கல்யாணம் நடந்தது. அம்மா மனது மட்டும் இளகவில்லை.

அந்த அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்து, கட்டிலோடு கட்டிலாகிவிட்டாள். செய்தி கேட்டு ஸ்தோத்திரம் ஓடினாள். அண்ணன் வாசலிலேயே திருப்பி அனுப்பினான். மறுநாள் வேலைக்கு வந்தவள், யாரோ ஒரு பாட்டியின் குதிகாலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே அழுதாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரிலுள்ள அம்மாக்களுக்கெல்லாம் இவள் கை வேண்டும், பெற்ற அம்மாவுக்கு ஆகாதாம்!

ஒருநாள் மதியம் அவள் அண்ணி இல்லத்துக்கே வந்தாள். முகம் வற்றிக் கிடந்தது. துணி துவைக்கும் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய்ப் பேசினோம்.

"தூக்கித் தூக்கி எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு. ஒத்தை ஆளா அத்தையைப் புரட்ட முடியல. முதுகுக்குக் கீழ புண்ணு வந்துடுச்சு, நாத்தம் வேற. அவங்ககிட்ட நான் ஒண்ணு சொல்லி வெச்சிருக்கேன். நீ சபை, ஜெபம் எல்லாத்தையும் விட்டுட்டே, மனசு மாறிட்டேன்னு. உடனே வரச் சொல்லுன்னுட்டாங்க. உங்க அண்ணன் வேலைக்குப் போற நேரமா வந்துடு."

ஸ்தோத்திரம் முகத்தில் வெளிச்சம் வந்து, வந்த வேகத்தில் போனது. "அம்மா கேட்டா, விட்டுட்டேன்னு நான் சொல்லமாட்டேன் அண்ணி."

"சொல்ல வேணாம். பேசாம இரு, போதும். நான் பாத்துக்கறேன்."

"பேசாம இருக்கேன்" என்று ஒத்துக்கொண்டாள். துணைக்கு நானும் போனேன். வழியெல்லாம் அவளைப் பிடி பிடி என்று பிடித்தேன்.

"ஒரு வார்த்தைடி! வாயைத் தொறந்தா முத்தா உதிர்ந்துடும்? அம்மாவுக்காகச் சொல்ற பொய்யைக் கடவுள் கணக்குல எடுத்துப்பாரா? இவ்வளவு கல்லு மனசா அவருக்கு?"

"அவருக்கு ஒண்ணும் குறையாதுக்கா. புருஷன் போனப்போ செத்துப்போலாம்னு இருந்தேன். யாரும் இல்லாதப்போ அவர்தான் இருந்தாரு. இன்னிக்கு என் காரியம் ஆகணும்னு, அவரைத் தெரியாதுன்னு எந்த வாயால சொல்றது?"

கிறுக்கி என்று நினைத்துக்கொண்டு நடந்தேன்.

மாடியில் கடைசி அறை. ஜன்னல் சாத்தியிருந்தது. அம்மா கதவைப் பார்த்து ஒருக்களித்துக் கிடந்தாள். அத்தனை பெரிய வைராக்கியக்காரி, கட்டிலில் ஒரு பிடிதான் இருந்தாள். மகளைப் பார்த்ததும் அவள் கை விரிப்பின்மேல் நகர்ந்தது. "வந்துட்டியா" என்றாள். அவ்வளவுதான். அண்ணி மூக்கைச் சிந்தினாள்.

ஸ்தோத்திரம் எதுவும் பேசவில்லை, சொன்ன சொல் தவறவில்லை. வெந்நீரைத் தொட்டுப் பார்த்தாள், கையைத் துடைத்துக்கொண்டாள், இடுப்புப் பக்கம் போய் நின்றாள். நான் தோள் பக்கம். அப்போது, பாவி மகள், கண்ணை மூடினாள். உதடு அசைந்தது.

"ஏய்" என்று நான் மூச்சுக்குள் சொல்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் அங்கதான் போறியா?"

அண்ணி குறுக்கே விழுந்தாள். "ஐயோ, அதெல்லாம் விட்டுட்டா அத்தை! களைப்புல கண்ணை மூடினா."

"உன்னைக் கேக்கல. அவ சொல்லட்டும்."

நான் ஸ்தோத்திரத்தைப் பார்த்தேன். சொல்லித் தொலையேன் என்று கண்ணாலேயே கெஞ்சினேன்.

"ஆமாம்மா. போறேன்."

அம்மா கையை இழுத்துக்கொண்டாள். "என்னைத் தொடாதே."

"அம்மா, புண்ணை மட்டும் கழுவிட்டுப் போயிடறேன். அப்புறம் வரவே மாட்டேன். புண்ணை மட்டும்..."

"புழு வெச்சாலும் பரவாயில்ல. தொடாதே. வெளிய போ."

அவள் வெளியே போனாள். போய்க் கதவருகில் நின்றாள். நானும் அண்ணியும் அந்த அம்மாளைப் புரட்டினோம். புண் நான் நினைத்ததைவிட ஆழம். கழுவுவதில் எனக்கு அவள் அளவுக்குப் பதம் கிடையாது. வெளியிலிருந்து குரல் வந்தது. "தேய்க்காதீங்கக்கா, ஒத்தி எடுங்க. ஓரத்துல இருந்து..." அம்மா கண்ணைத் திறக்காமலே, "அவளை வாயை மூடச் சொல்லு" என்றாள். அதன் பிறகு சத்தமில்லை. அந்த அம்மாள் வலியில் முனகியபோதெல்லாம் கதவுக்குப் பின்னால் மூச்சு இழுபடுவது மட்டும் கேட்டது.

திரும்பும்போது நான் வெடித்தேன். "இப்பத் திருப்தியா? எங்க போனாரு உங்க கர்த்தரு? ஒரு புண்ணைக் கழுவ விடமாட்டாரா?"

"தெரியலக்கா" என்றாள். "கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். பதில் வரல."

ஸ்தோத்திரம் என்று அவள் சொல்லாத முதல் நாள் அது.

அதற்குப் பிறகு தினமும் வேலை விட்டதும், அவள் அண்ணன் வீடு திரும்பும் முன், நான்தான் போனேன். அண்ணி கெஞ்சினாள் என்பது ஒரு பக்கம். ஸ்தோத்திரத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டு போகாமல் இருக்க முடியவில்லை என்பதுதான் நிஜம். அவளும் கூட வருவாள். மாடி ஏறமாட்டாள். படிக்கட்டின் அடியில், செருப்புகள் கிடக்கிற இடத்தில் உட்கார்ந்திருப்பாள். நான் இறங்கி வந்ததும், புண் எந்த நிறம், சீழ் இருக்கிறதா, வெந்நீர் பட்டதும் அம்மா முகம் சுளித்தாளா என்று ஒன்றுவிடாமல் கேட்பாள். புண் ஆறவில்லை. இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு கேட்பாள்.

ஒருநாள் துடைத்து முடித்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை செருகும்போது அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். குரல் தேய்ந்து போயிருந்தது.

"உன்னை மாதிரி ஒரு மக எனக்குப் பொறக்கல."

கையை விடுவித்துக்கொண்டு படி இறங்கினேன்.

கீழே ஸ்தோத்திரம் எழுந்து நின்றாள். புண்ணைப் பற்றிக் கேட்டாள், சொன்னேன். வழக்கமாக அதோடு நிறுத்திக்கொள்வாள். அன்றைக்கு என்னவோ, என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, என்னைப் பத்தி அம்மா எதுவும் கேட்டாங்களா?"

"கேட்டாங்க" என்றேன்.

"என்ன கேட்டாங்க?"

"சாப்பிட்டியான்னு கேட்டாங்க."

அவள் நம்பிவிட்டாள். உதடு கோணிக்கொண்டு போனது. கண்ணைத் துடைத்துவிட்டு, நான் இறங்கி வந்த மாடியை அண்ணாந்து பார்த்தாள்.

"நாளைக்குப் போறப்போ, சாப்பிட்டேன்னு சொல்லிடுங்கக்கா. மறந்துடாதீங்க."