நெடுமாறன் சார் நடத்திய அகாக்

கீழ்வேளூர் கடைத்தெருவில், மருந்துக்கடை மாடியில் நான் நடத்தும் இங்கிலீஷ் டியூஷனுக்கு வாத்தியார் நெடுமாறன். பாதி நாள் வாத்தியார், மீதி நாள் விவசாயி. இரண்டிலும் மனுஷன் ஓய்ந்துபோயிருந்தார். கூலிக்கு நட்ட குடும்பத்தில் பிறந்து, எம்.ஏ. முடித்து, சொந்தமாக ஒரு ஏக்கர் வாங்கியவர். வாங்கியதும் வாங்கினார், கடைமடையில் போயா வாங்குவார்! ஆற்றுத் தண்ணீர் ஊரையெல்லாம் நனைத்துவிட்டு, மிச்சம் மீதி இருந்தால்தான் அங்கே எட்டிப் பார்க்கும்.

இந்த வருஷம் தண்ணீரை நம்பிப் புழுதியிலேயே விதைத்துவிட்டார்கள். ஒரு மழைக்கு முளைத்த பயிர் நின்ற இடத்திலேயே காய்ந்துகொண்டிருந்தது. விடிந்தால் அவரும் மனைவி பூவிழியும் வாய்க்காலைப் போய்ப் பார்ப்பார்கள். அதில் ஆடுதான் மேயும்.

அன்று மதிய வகுப்புக்கு வந்தவரின் முகமே சரியில்லை.

"உடம்புக்கு என்ன சார்?" என்றேன்.

"அலுப்புதான் மேடம்" என்றவர், பலகையில் அன்றைய சொல்லை எழுதினார். அகாக் (agog).

"ஏதோ நடக்கப் போகுதுன்னு இருப்புக் கொள்ளாம பரபரன்னு காத்திருக்கிறது. பழைய பிரெஞ்சுல குதூகலம், கும்மாளம்னு அர்த்தம் உள்ள ஒரு சொல்லுலேருந்து வந்ததாச் சொல்றாங்க. அதுக்கும் முன்னாடி எங்கேருந்து வந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது." குதூகலத்தை இப்படி இழவு வீட்டுக் குரலில் சொல்லிக் கொடுத்த வாத்தியார் இவராகத்தான் இருப்பார்.

"துபாய்ல கார் ஓட்ட இது எதுக்கு சார்?" என்றான் ஜாஹித்.

"விசா வருமா வருமான்னு போனையே மொறச்சுக்கிட்டு இருக்கியே, அதுதான்டா அகாக்" என்றேன் நான். எல்லோரும் சிரித்தார்கள். அப்போது சாரின் போன் அடித்தது.

பூவிழி. ஒரத்தநாட்டில் அம்மா வீட்டுக்குப் போய் இரண்டு மூன்று நாள் ஆகியிருந்தது. அவள் போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

"என்னங்க! இப்பதான் பஸ்ஸை விட்டு இறங்குறேன், வாய்க்கால்ல தண்ணி வருதுங்க! பூ வாங்கிட்டேன். ஓடி வாங்க!"

வகுப்பே எழுந்து கை தட்டியது. அவர் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"காலையிலதான் மேடம் பயிரோட மடக்கி உழுதேன்" என்றார். "பக்கத்து வயலுக்கு வந்த டிராக்டரு. கருகுனதைப் பார்க்கச் சகிக்கல. இதுலயும் இறக்குப்பான்னுட்டேன். அவகிட்ட இன்னும் சொல்லல."

யா அல்லாஹ்! ஒரே ஒரு பொழுது பொறுத்திருக்கக் கூடாதா? ஜாஹித் அவரை பைக்கில் ஏற்றிக்கொண்டான். மனசு கேட்காமல் நானும் ஸ்கூட்டியில் பின்னாலேயே போனேன்.

வாய்க்கால் கரையில் ஊரே நின்று, நுரைத்து வரும் தண்ணீரில் பூவும் நெல்லும் தூவிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் பூவிழி மண்வெட்டியோடு நின்றாள்.

"வாங்கங்க, தண்ணிக்கு முன்னாடி போய் மடையத் திறந்துடுவோம்" என்று எங்களுக்கு முன்னால் ஓடினாள். "இன்னிக்குக் குடிச்சா நாளைக்கு நிமிந்துடும் பயிரு."

"பூவிழி, நில்லு" என்றார் அவர். அவள் எங்கே நின்றாள்!

வயலுக்கு வந்ததும் நின்றாள். கட்டி கட்டியாகப் புரண்டு கிடந்த மண்ணையும், அதில் தலைகீழாகச் செருகிக் கிடந்த பயிரையும் பார்த்தாள். அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

தண்ணீர் வந்து அவர்கள் மடையைத் தொட்டது. அவள் குனிந்து மண்ணை வெட்டி மடையில் போட்டாள். இன்னொரு வெட்டு வெட்டிப் போட்டு, காலால் மிதித்து இறுக்கினாள்.

"கீழ பயிரு நிக்கிற வீரையன் அண்ணன் வயலுக்காவது போகட்டும்" என்றாள்.

மண்வெட்டியை வாங்க அவர் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.