தம்பி கேட்டுத்தான் வரைந்தார்

எனக்கு எழுபத்தெட்டு வயது. வளர்த்தது நான்கு பேரை. மூன்று பேர் நான் பெற்றவர்கள். மூத்தவர் என் தம்பி. அம்மா போனபோது அவருக்கு ஏழு வயது, எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. என் வீட்டுக்காரருக்கு ஹைதராபாத்தில் மத்திய அரசுத் தொழிற்சாலையில் வேலை. கோவில்பட்டியில் ரயிலேறும்போது தம்பியையும் கூட்டிக்கொண்டே ஏறினேன்.

"யக்கா, அங்க தமிழ் பேசுவாவளா?"

"நாம பேசுவோம்ல, போதாதா?"

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்து மெதுவாகத்தான் வரும். ஆனாலும் தம்பியின் நினைவு மலருக்கு இதை வேறு யாரும் எழுதக் கூடாது என்று பத்து நாளாக நானே எழுதுகிறேன். வீட்டில் அவரை 'ஏல' என்றுதான் கூப்பிட்டேன். அச்சில் மரியாதையாக எழுதுகிறேன்.

லோத்குண்டாவில் எங்கள் வீட்டிலிருந்துதான் தம்பி பள்ளிக்கூடம் போனார். தெலுங்கு வாத்தியாரை நோட்டில் வரைந்து அடி வாங்கினார். அடித்த வாத்தியார் அந்தப் பக்கத்தைக் கிழித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாராம். பிறகு ஓவியப் படிப்பில் சேர்ந்தார். இது சோறு போடுமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். போட்டது. ஜீடிமெட்லாவில், மருந்துக் கம்பெனிகளுக்கு விளம்பரம் அச்சடிக்கிற ஓர் அச்சகத்தில் தம்பி ஓவியரானார். மருந்து ரெப்புகள் டாக்டரிடம் விரித்துக் காட்டுகிற அட்டை, ஆஸ்பத்திரிச் சுவரில் தொங்குகிற படம் எல்லாம் அவர் கை. இரைப்பை, நுரையீரல், தலைவலிக்காரர், இருமுகிற கிழவர்.

அச்சகத்தில் வெட்டி எறிகிற ஓரத்தாளைத் தைத்து உள்ளங்கை அகலத்துக்கு நோட்டு செய்துகொள்வார். பஸ்ஸில் நின்றுகொண்டே வரைவார். ரப்பர் வைத்துக்கொள்ள மாட்டார். கோடு தப்பினால் பக்கத்திலேயே இன்னொரு கோடு. எந்த முகமானாலும் காதில்தான் தொடங்குவார். ஏன் என்று கேட்டேன். "வரையுதோம்னு தெரிஞ்சா எல்லாரும் மூஞ்சிய மாத்திருதாவக்கா. காத மாத்தத் தெரியாது" என்றார்.

நோட்டில் இருக்கிற முகம் அச்சுக்குப் போகவேண்டுமென்றால், அந்த ஆளைத் தேடிப் போய்க் கேட்பார். அது அவர் வைத்திருந்த முறை. ஒரு பஸ் கண்டக்டரை மூன்று நாள் தேடினார். "கைக்கு பூச்தே மியா, டாலோ!" என்று கண்டக்டர் சிரித்தாராம். எதற்குக் கேட்கிறீர், போடும் என்று. ஆள் அகப்படாவிட்டால் இரண்டு முகத்தைக் கலந்து மூன்றாவதாக ஒன்று செய்துவிடுவார்.

இதை இவ்வளவு விவரமாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்த மலரை வாங்குகிற சொந்தக்காரர்கள் நீங்கள், இருபத்திரண்டு வருஷமாகத் தம்பியைக் கேட்காமல் வரைந்தவர் என்றே நினைத்திருக்கிறீர்கள்.

இனி எழுதப்போவதற்கு என் இளைய மகள் செல்வியிடம் சம்மதம் கேட்டேன். "எழுதும்மா. ஆனா என்னப் பாவம்னு மட்டும் எழுதிராத" என்றாள். எழுதவில்லை.

அப்போது செல்விக்கு இருபத்துமூன்று வயது. ஜன்னல் பக்கம் நின்று தலை வாரிக்கொண்டிருந்தவளைத் தம்பி வரைந்திருந்தார். அந்த நோட்டோடு அடுக்களைக்கு வந்தார். நான் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன்.

"யக்கா, இந்தப் படத்த ஒரு போஸ்டருக்குப் போட்டுக்கிடவா? வலிப்பு மாத்திரைக்கு. தின்னு குணமான பிள்ளைன்னு."

"என்னத்துக்குல கேக்க? போடு. எம்மவ மூஞ்சி ஊரெல்லாம் தெரியட்டும்."

"அவகிட்டயும் ஒரு வார்த்த கேட்டுக்கிடுதேன்."

"நான் சொன்னா அவ சொன்ன மாதிரிதான். போல, எண்ண காயுது."

மகள் அச்சில் வரப்போகிறாள் என்ற பெருமையில் வலிப்பு என்ற சொல் என் காதில் ஏறவே இல்லை. என் வார்த்தையை நம்பி அவரும் அவளிடம் கேட்கவில்லை.

நாலு மாதம் கழித்துச் செல்விக்கு நிச்சயதாம்பூலம் ஆனது. மாப்பிள்ளையின் அப்பா, மூட்டு வலிக்காக ஒரு டாக்டரிடம் போன இடத்தில் அந்தப் போஸ்டரைப் பார்த்துவிட்டார். மறுநாளே நாலு பேராக வந்து எங்கள் கூடத்தில் உட்கார்ந்தார்கள். பெண்ணுக்கு வலிப்பு, மறைத்துவிட்டோம் என்றார்கள். அது வெறும் படம் என்று எத்தனை சொல்லியும் ஏறவில்லை. மாப்பிள்ளையின் மாமா கடைசியாக ஒன்று கேட்டார்.

"நல்லா இருக்கிற பொண்ண யாராவது இப்படிப் போடுவாங்களா? வீட்ல கேட்டுத்தான் போட்டாரா உங்க தம்பி?"

தம்பி என்னைப் பார்த்தார். என் வீட்டுக்காரரும் பார்த்தார். செல்வி கதவுப் பக்கம் நின்றாள்.

"எனக்கு என்ன தெரியும்? அவன் பாட்டுக்கு வரைஞ்சுட்டான்" என்றேன்.

"ஆமா, கேக்காமத்தான் போட்டேன். தப்பு எம்மேலதான்" என்று தம்பி சொன்னார்.

சம்பந்தம் முறிந்தது. என் வீட்டுக்காரர் தம்பியை வீட்டை விட்டுப் போகச் சொன்னார். நான் தடுக்கவில்லை. ஜீடிமெட்லாவில் ஒரு அறை எடுத்துக்கொண்டார். ஏழு வருஷம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. செல்விக்கு வேறு இடம் அமைந்து நன்றாகவே இருக்கிறாள். அவள் கல்யாணத்துக்குத் தம்பியைக் கூப்பிடவில்லை.

அதன் பிறகு அவர் முகம் வரையவே இல்லை. ஈரல், சிறுநீரகம் என்று உறுப்பு வேலையாகவே கேட்டு வாங்கிச் செய்தார். நோட்டு மட்டும் நிற்கவில்லை. அதில் செருப்பு, டீ கிளாஸ், பஸ் கம்பியைப் பிடித்திருக்கிற கைகள். மணிக்கட்டுக்கு மேல் பென்சில் ஏறாது. பின்னாளில் விசேஷ வீடுகளுக்கு வரத் தொடங்கினார். "ஏய், ஓவியர் வாராரு, மூஞ்சிய மூடுங்க!" என்று யாராவது சொல்வார்கள். தம்பி சிரிப்பார். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

போன வருஷம் அவருக்கு நுரையீரல் கெட்டது. டாக்டர் எக்ஸ்ரேயைப் பிடித்து விளக்கினார். "ஆயிரம் தடவ வரைஞ்சத எனக்கே காட்டுதாவ" என்றார் தம்பி. பதினோரு நாள் பக்கத்தில் இருந்தேன். பத்தாம் நாள்தான் எனக்குக் கேட்க வாய் வந்தது.

"ஏல, நீ அன்னைக்கு எங்கிட்ட கேட்டுத்தான் போட்டன்னு எல்லார்ட்டயும் சொல்லிரட்டுமா?"

"இப்ப என்னத்துக்குக்கா? அத்தானும் போயாச்சு. கஞ்சியக் குடு, ஆறுது."

கொடுத்தேன். அவர் வேண்டாம் என்றது எனக்கு வசதியாகவும் இருந்தது. மறுநாள் தம்பி இல்லை.

ஆஸ்பத்திரிக்குத் தினமும் இட்லி கொண்டுவந்த அச்சகத்து மிஷின்காரர் யாதய்யாவுக்கும், இரவும் பகலும் தூக்கி உட்காரவைத்த நர்ஸ் பிள்ளைகளுக்கும், கொள்ளி வைத்த என் மகனுக்கும், வந்து நின்ற உங்கள் எல்லோருக்கும் கும்பிடு. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். விசேஷ வீட்டில் அந்தக் கேலியை இனி யாரும் சொல்ல வேண்டாம். சொல்லாமல் இருக்க முடியாதென்றால், என் பெயரைப் போட்டுச் சொல்லுங்கள்.

என் எழுத்தைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் அடிக்கிறவள் செல்வியின் மகள் நித்யா. அந்தக் கூடத்துப் பேச்சு வந்ததும் கையை நிறுத்திவிட்டாள்.

"ஆச்சி, யே லைன் நக்கோ, இந்த வரி வேண்டாம். எல்லாரும் ஒன்னத்தான் திட்டுவாங்க."

திட்டட்டும். அடி, நித்யா. அடித்து முடித்ததும் முதலிலிருந்து சத்தமாகப் படித்துக் காட்டு. நான் பொய் சொன்ன இடம் வரும்போது வேகமாகத் தாண்டிப் போய்விடாதே.