தின்னரில் கரைந்த லைசன்ஸ்

பெயின்ட் கரைக்கும் தின்னர் மணம்... அதோடு துறைமுகப் பக்கமிருந்து வரும் உப்புக் காற்று. படிப்பு முடித்து நான் முதல் வேலைக்குச் சேர்ந்த கடை அப்படித்தான் மணக்கும்.

கொழும்பில் கம்பனிகள் கழித்துவிட்ட கொம்பியூட்டர்கள் லொறியில் வரும். எங்கள் காற்றுக்கு இரும்புப் பெட்டிகள் துருவேறிக் கறள் பிடிக்கும். முதலாளியை நானா, அதாவது அண்ணா, என்றுதான் கூப்பிடுவோம்; அவருக்குக் கறளைக் கண்டாலே பொறுக்காது. தின்னரால் தேய்த்து, கறுப்பு பெயின்ட் அடித்து, மினுங்க வைப்பார். பக்கத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரும் அதோடு போய்விடும்.

அந்த ஸ்டிக்கர்தான் சொஃப்ட்வெயார் லைசன்ஸ். மெஷின் கைமாறினால் கூடவே போகலாம், உரித்தால் முடிந்தது. எத்தனையோ தரம் நானாவிடம் சொன்னேன்.

"பழசெண்டு தெரிஞ்சா ஆரு தம்பி வாங்குவா?"

அவ்வளவுதான் கதை.

பிறகு ஒருநாள் நிலாவெளியிலிருந்து வசந்தி அக்கா பஸ்ஸில் வந்தா. வீட்டு முன்னறையில் ஊர்ப் பெட்டைப் பிள்ளைகளுக்கு கொம்பியூட்டர் வகுப்பு நடத்துகிறவ. எங்களிடம் நாலு மெஷின் வாங்கியவ. ஒரு உதவி நிறுவனம் வகுப்பைப் பொறுப்பெடுக்கச் சம்மதித்திருந்தது. ஆனால் லைசன்ஸ் இருக்கிறதா என்று பார்க்க ஆள் வருமாம். இல்லையென்றால் உதவியும் இல்லை, வகுப்பும் இல்லை.

"தம்பி, நான் களவுச் சாமானே வாங்கினனான்?"

"இல்லை அக்கா. அத்தாட்சியை நாங்கள்தான் தேய்ச்சு அழிச்சுப்போட்டம்."

வேறு பெட்டியிலிருந்து உரித்து ஒட்டலாமே என்றார் நானா, மெல்ல. ஒட்டினால் அதுதான் களவு என்றேன். கடைசியில், அடுத்த லொறியில் வந்த நாலு மெஷினைத் தின்னர் படாமல் மாற்றிக் கொடுத்தார்.

கறள், கீறல், பழைய கம்பனியின் இலக்கம்... எல்லாம் அப்படியே. கொண்டுபோய் வைத்தபோது பெட்டைகள் முகத்தைச் சுளித்தார்கள். "எங்கட கறுப்புப் பெட்டியளைத் தாங்கோ அண்ணா."

நிறுவனத்திலிருந்து பார்க்க வந்தவர் குனிந்து, நாலு ஸ்டிக்கரையும் விரலால் தடவினார். தலையாட்டினார். வகுப்பு தப்பியது.

நானாவுக்கு அப்போதும் மனம் ஆறவில்லை. அந்த நாலு பெட்டிக்கும் துணி உறை தைப்பித்து அனுப்பினார்.

இப்போது எனக்கென்று ஒரு கடை. ஸ்டிக்கர் வருவதில்லை, லைசன்ஸ் மெஷினுக்குள்ளிருக்கும் போர்டிலேயே பதிந்து வருகிறது. உப்புக் காற்று போர்டைத் தின்கிறது. போர்டை மாற்றினால் லைசன்ஸும் போய்விடுகிறது.

"மெஷின் என்ர தானே தம்பி?" என்று கேட்கிறார்கள் வாங்கியவர்கள்.

ஓம், மெஷின் உங்கட. உள்ளுக்கு ஓடுறது உங்கட இல்லை... சொல்லிச் சொல்லி வாய் உளைகிறது. நம்புகிறவர்கள் குறைவு. நான் ஏமாற்றுகிறேன் என்றுதான் பார்க்கிறார்கள்.

அப்போது குனிந்து, ஸ்டிக்கரில் விரல் வைத்து, இதுதான் லைசன்ஸ் என்று காட்ட முடிந்தது.

இப்போது செத்த போர்டைத் திருப்பிக் காட்டுகிறேன்... அவர்களும் பார்க்கிறார்கள். பச்சை நிறம், கொஞ்சம் உப்பு. வேறொன்றுமில்லை.